மச்சான், உன் திரைமேல் ஒரு குற்றமும் இல்லை

சாம்பியன் ரீப்ஸ்
எழுதத் தொடங்கியது செவ்வாய்க்கிழமை, முடித்தது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் சிவகுமாருக்கு,

உன் அக்காள் ரத்தினம்மாளின் புருஷன் மாணிக்கராஜ் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள், மகன் நாகேஷ், மருமகள் சுனிதா, சுனிதாவின் வயிற்றில் ஆறு மாதமாக இருக்கிற பிள்ளை, கூடத்து மேசையில் நீ கொடுத்த கம்ப்யூட்டர் திரை, ஆக ஆறு பேரும் சுகமாக இருக்கிறோம். குடியாத்தத்தில் நீயும் உன் வீட்டாரும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மேலே ‘சொந்தக் கையால்’ என்று எழுதியிருப்பதை நீ வேகமாகப் படித்துத் தாண்டியிருப்பாய். திரும்பிப் போய் ஒரு முறை படித்துவிட்டு வா. நாற்பது வருஷமாக என் பேரில் உனக்கு வந்த கடிதம் எல்லாம் பக்கத்து லைன் வீட்டு மேக்ஸ்வெல் எழுதியது. நான் சொல்லச் சொல்ல எழுதுவான், முடித்ததும் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்துவான். நான் இப்போது எழுத்துப் படிக்கிறேன் என்று தெரிந்ததும் அவனே ஒருநாள் வீட்டுக்கு வந்து, கேட்காமலே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டான். அந்தக் கடிதங்களில் உன்னிடம் குடியாத்தம் லுங்கி கேட்டது நான் இல்லையாம், அவனாம். நீ இரண்டு தடவை அனுப்பினாய். எதற்கு வந்தது என்று தெரியாமல், ‘இந்தாடா, நீயும் ஒண்ணு கட்டிக்கோ’ என்று அவனுக்கே தடவைக்கு ஒன்றாகக் கொடுத்தது நான்தான். போகட்டும். எழுத்துத் தெரிந்தால் இப்படியெல்லாம் உண்மை வெளியே வரும் என்பதற்காகச் சொன்னேன்.

எழுத்துச் சொல்லிக்கொடுத்தது சுனிதா. சாயங்காலம் நாலு மணிக்கு அவளுக்கு ஆபீஸில் கால் மணி நேரம் டீ நேரம். அந்தக் கால் மணியில் எனக்கு ஒரு எழுத்து. தமிழ் முழுவதும் முடித்துவிட்டேன். மூன்று விதமான ‘ந’வை எதற்கு வைத்தார்கள் என்று மட்டும் விளங்கவில்லை, ஆனாலும் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு வேலையை நடத்துகிறேன். இங்கிலீஷ் பெரிய எழுத்திலும் ‘ஓ’வுக்கு அடுத்த ‘பி’ வரைக்கும் வந்துவிட்டேன். எண் எனக்கு முன்பே தெரியும். எண் தெரியாதவனைத் தங்க மைன்ஸில் கேஜில், அதுதான் ஆளைக் கீழே இறக்குகிற கூண்டில், ஏற்றமாட்டார்கள்.

இப்போது கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை கழிந்த சனிக்கிழமை உன் அக்காள் உனக்குப் போன் செய்து, ‘நீ குடுத்த டிவி செத்துப்போச்சுடா’ என்று சொன்னாளாம். நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாயாம். முதலில் அது டிவி இல்லை. இரண்டாவது, அது சாகவில்லை. உன் இன்டர்நெட் கடையை மூடியபோது இருந்ததில் நல்லதாகப் பார்த்து, போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பொருள். அதன்மேல் ஒரு பழி விழுந்தது, அதை நானே துடைத்துவிட்டேன் என்று உனக்குத் தெரியப்படுத்தத்தான் இந்தப் பதினோரு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுனிதாவின் வேலை இன்னதென்று உனக்குச் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் கையால் கிறுக்கிய சீட்டு ஒரு திரையில் இருக்கும். அதைப் பார்த்து யாரோ டைப் அடித்தது இன்னொரு திரையில் இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று இவள் பார்த்துச் சொல்லவேண்டும். ஒற்றைத் திரையில் அந்த வேலை நடக்காது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று இவள் கேட்டதற்கு, மேலாளர் ஷில்பா அம்மாள், ‘வீட்டில் ஆபீஸ் மாதிரியே இரண்டு திரை வைத்துக்கொள், திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் பார்ப்பேன், சரியாக இருந்தால் வீட்டிலேயே இரு, இல்லாவிட்டால் மறுநாள் முதல் ஆபீஸுக்கு வந்துவிடு’ என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் என்றால் பெங்களூர். பெங்களூர் என்றால் விடிவதற்கு முன்னால் ரயில். அந்த ரயில் மாரிகுப்பத்திலேயே நிரம்பி, சாம்பியனுக்கு வரும்போது வாசற்படியில் கால் வைக்க இடம் இருக்காது. நாகேஷ் பத்து வருஷமாக ஒற்றைக் காலில் நின்றபடி போய் வருகிறான். அவன் ஆம்பளை, நிற்கிறான். ஆறு மாத வயிற்றோடு இந்தப் பெண் எங்கே நிற்பாள்? இதுதான் மச்சான் விஷயம். மற்றதெல்லாம் நடந்த கதை.

கதை ஆயுத பூஜையில் ஆரம்பிக்கிறது. அன்றைக்கும் மறுநாளும் ஆபீஸ் லீவு. சுனிதா கம்ப்யூட்டரில் ஏதோ அழுத்திவிட்டு, ‘அப்டேட் போட்டுட்டேன் மாமா, அது பாட்டுக்கு ஓடட்டும், யாரும் ஆஃப் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சுண்டல் தாளித்தாள். இரண்டு திரையிலும் ஒரே மாதிரி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் குளித்துவிட்டு வந்து பூஜைக்கு உட்கார்ந்தேன். மைன்ஸில் இருந்தபோது ஷாப்ட் குழி வாயில் கேஜுக்கும் மணிக்கும் பொட்டு வைத்தது இந்தக் கைதான். இந்த வீட்டில் இப்போது சோறு போடுகிற ஆயுதம் இந்தக் கம்ப்யூட்டர். அதை விட்டுவிட்டு அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்தால் நன்றாகவா இருக்கும்? கம்ப்யூட்டர் மூடிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, வைஃபை பெட்டிக்கு ஒன்று வைத்தேன். உன் திரைக்கு எங்கே வைப்பது? ‘கண்ணாடியில மட்டும் வெச்சிடாதீங்க மாமா, கறை போகாது’ என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள். விரலால் தடவிப் பார்த்தேன். கீழ் விளிம்புக்கு அடியில், நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குமிழ் இருந்தது. யார் கண்ணுக்கும் படாமல் பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த இடம். அதில் சந்தனத்தை அழுத்தி வைத்தேன். சந்தனத்தின்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். உன் அக்காள் குனிந்து பார்த்துக் கோணல் என்று சொன்னதால், துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை நேராக அழுத்தி வைத்தேன். நான் பொட்டு வைத்தால் அடுத்த வருஷம் வரைக்கும் உதிராது. அப்புறம் கற்பூரம் காட்டினேன் பார், உன் திரை அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றுகிறது, உன் திரை மட்டும் இருட்டாகி, பயபக்தியோடு நிற்கிறது. உன் அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சுனிதா வேலைக்கு உட்கார்ந்தாள். அப்டேட் முடிந்திருந்தது. கம்ப்யூட்டர் பளிச்சென்று இருந்தது. உன் திரை கண் திறக்கவே இல்லை.

‘இன்னாமா ஆச்சு?’

‘டிடெக்ட் பண்ணல மாமா.’

‘அப்டின்னா?’

‘பக்கத்துல இன்னொரு ஸ்கிரீன் இருக்குதுன்னே அதுக்குத் தெரியல.’

‘இத்தினி பெருசா கீது, தெரியலையா? நீ அதை வேற பக்கமா திருப்பி வெச்சிருக்கிற. எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? இப்டிக் குடு.’

கம்ப்யூட்டரைத் தூக்கி உன் திரைக்கு எதிராக, முகத்துக்கு முகம் பார்க்கும்படி வைத்தேன். பெண் பார்க்க வந்ததுபோல் இரண்டும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தன. சுனிதா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனாலும் தடுக்கவில்லை, நல்ல பெண். பத்து நிமிஷம் கழித்து அவளே எடுத்துத் திருப்பி வைத்து, ‘கண்டுபிடி’ என்று சொல்கிற ஒரு பொத்தானை அழுத்தினாள். வேறு திரை எதுவும் இல்லை என்று அது பதில் எழுதியது. இரண்டு சாண் தூரத்தில் இருக்கிற பொருளை இல்லை என்று கூசாமல் எழுதுகிறது மச்சான்.

நாகேஷுக்குப் போன் போட்டோம். அவன் ரயிலில் இருந்தான். ‘ப்பா, ஒயரை ரெண்டு பக்கமும் புடுங்கி மறுபடி சொருகச் சொல்லு. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லு. பண்ணிட்டு, அப்புறம் முக்கியமா…’ என்கிறபோது மாலூர் பக்கத்தில் லைன் போய்விட்டது. முக்கியமானது என்னவென்று தெரியாததால் ரீஸ்டார்ட்டை மட்டும் பதினாலு தடவை செய்தோம். சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன். ‘முக்கியமா அம்மாகிட்ட சொல்லாதே, குடியாத்தம் மாமாவுக்குப் போன் போட்டுடுவாங்கன்னு சொல்ல வந்தேன்’ என்றான். அவன் சொன்னது சரி. மறுநாளே போட்டுவிட்டாள்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒருவர் பெங்களூரில் இருந்துகொண்டே உள்ளே நுழைந்தார். சுனிதா கையை எடுத்துவிட்டாள், திரையில் அம்பு தானாக நகர்ந்து இங்கும் அங்கும் போகிறது, பெட்டிகளைத் திறக்கிறது, மூடுகிறது. உன் அக்காள் அதைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழம் எடுத்துவர உள்ளே ஓடினாள். ஒரு மணி நேரம் எதை எதையோ கழற்றி மாட்டிவிட்டு, ‘அப்டேட்ல ப்ராப்ளம் மேடம், அடுத்த வாரம் இன்னொரு அப்டேட் வரும், அதுல சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் வந்து எதற்கு? நமக்குத் திங்கட்கிழமை பதினோரு மணி.

சனிக்கிழமை மேக்ஸ்வெல் வந்தான். அவன் வைண்டிங் எஞ்ஜின் ஓட்டினவன் என்பது உனக்குத் தெரியும். நான் கீழே ஒரு லெவலில், சுரங்கத் தட்டில், ஷாப்ட் வாயில் நின்று மணி அடிப்பேன், அவன் மேலே அதைக் கேட்டுக் கேஜை ஏற்றுவான், இறக்குவான். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் ஏறியாயிற்று, பார்த்துப் போ. இருபத்தாறு வருஷம் முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டவர்கள் நாங்கள். அதனால்தான் முகத்தைப் பார்த்தால் சண்டை வருகிறது.

‘செத்துப்போச்சு மாணிக்கம்’ என்றான், வாசலில் நின்றபடியே.

‘உள்ள வந்து பாத்துட்டு சொல்லுடா.’

‘இதுல பாக்கறதுக்கு இன்னா கீது? குடியாத்தத்துல கடையை மூடிட்டு, ஓடாததையெல்லாம் உன் தலையில கட்டிட்டான் உன் மச்சான்.’

‘அவன் குடுத்த லுங்கியைக் கட்டிகினு அவனையே பேசறியா நீ?’

‘லுங்கி நல்ல லுங்கிதான். திரையைப் பத்திப் பேசறேன்.’

‘சுவிட்சைப் போட்டா எழுத்து காட்டுதுடா. ஒரு சின்னக் கட்டம் வந்துட்டுப் போவுது. செத்தது எப்படி எழுத்து காட்டும்?’

‘அது கடைசி மூச்சு’ என்று சொல்லிவிட்டு, உன் அக்காள் கொடுத்த சுண்டலை முழுவதும் சாப்பிட்டான்.

அந்தச் சின்னக் கட்டத்தை எல்லோரும் பார்த்திருந்தோம். சுவிட்சைப் போட்டால் ஐந்து விநாடி வரும், மறைந்துவிடும். ‘சிக்னல் இல்லைன்னு போட்டிருக்குது மாமா’ என்று சுனிதா சொன்னாள். நாகேஷும் அதையே சொன்னான். பெங்களூர்க்காரரும் போனில் அதையே சொன்னார். எல்லோரும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவர்கள். நான் ஒருவன்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுனிதா, நாகேஷிடம், லேடீஸ் பெட்டி முன்னாடி நிற்குமா பின்னாடி நிற்குமா என்று மெதுவாகக் கேட்டாள். அவன் பின்னாடி என்று சொன்னான். அவள் பீரோவிலிருந்து பழைய ஆபீஸ் பையை எடுத்துத் தட்டி வைத்தாள். நான் டீ டம்ளரை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன் மச்சான். நாலு மணி டீ நேரத்தில் அவள் அன்றைக்கு ஞாயிறு என்றுகூடப் பார்க்காமல் எனக்கு ஒரு எழுத்துக்குப் பதிலாக மூன்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எதற்கு அவசரம் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தது. அவள் போட்டுக்கொடுத்த மூன்றாவது எழுத்துதான் ‘பி’.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, இனிமேல் இந்த வேலையை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலை என்றால் முறைப்படி செய்யவேண்டும். மைன்ஸில் ஒரு மெஷினில் கைவைக்கும் முன் கரண்ட்டை நிறுத்துவோம், நிறுத்தின இடத்தில் நம் டோக்கனை மாட்டுவோம். மாட்டினவன்தான் வந்து எடுக்கவேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்தினேன். என் பித்தளை டோக்கன், 4417, சாமி மாடத்தில் பத்திரமாக இருந்தது. எடுத்து நூலில் கோத்துச் சுவிட்சில் மாட்டினேன். திரைக்குப் பின்பக்கம் இருட்டாக இருந்தது. டார்ச் லைட் மேக்ஸ்வெல் வீட்டில் இருந்தது. இதோ வந்துவிடுகிறேன் என்று போனேன்.

போன இடத்தில் அவன் பேச்சை ஆரம்பித்தான். நான் ஒரு தடவை தவறாக மணி அடித்ததாகச் சொன்னான். நான் அடிக்கவே இல்லை. அதைத் தெளிவுபடுத்தாமல் எப்படி வருவது? தெளிவுபடுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தால் பத்து முப்பத்தைந்து.

ஓடி வந்தேன். வீட்டில் ஃபேன் இல்லை, வைஃபை இல்லை, கம்ப்யூட்டரில் உயிர் ஏழு சதவீதம். சுவிட்சுக்கு முன்னால் முக்காலி போட்டு உன் அக்காள் உட்கார்ந்திருந்தாள். சுனிதா கண் சிவந்து நின்றுகொண்டிருந்தாள்.

‘அத்தை, ஒரே ஒரு நிமிஷம் போட்டுக்கிறேன் அத்தை…’

‘டோக்கன் தொங்குதும்மா.’

‘அது தெரியுது அத்தை. மாமா மேக்ஸ்வெல் அங்கிள் வீட்லதான இருக்காரு?’

‘எங்க இருந்தாலும் அந்த ஆள் வந்து எடுக்கணும். நான் எடுத்து, அவர் அந்தப் பக்கம் எங்கியாவது கைவெச்சிருந்தா?’

மச்சான், உன் அக்காளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. ஒரு தடவை கீழே பாறை சரிந்த அன்றைக்கு, இறங்குகிறவன் மாட்டிவிட்டுப் போய் ஏறி வந்ததும் எடுக்கிற டோக்கன் பலகையில் 4417 தொங்குகிறதா எடுத்தாயிற்றா என்று பார்த்தபடி, கைப்பிள்ளையோடு ஒரு பகல் முழுக்க நின்றவள் அவள். அவளுக்கு அந்தத் தகடு விளையாட்டு இல்லை. போய் டோக்கனை எடுத்தேன். அப்புறம்தான் முக்காலியிலிருந்து எழுந்தாள். எழுந்ததும் திட்டினாள், அது வேறு.

மணி பத்து நாற்பத்திரண்டு. கரண்ட் வந்தது. உன் திரையில் அந்தச் சின்னக் கட்டம் வந்தது. கிட்டே போய் மூக்கு இடிக்க நின்று படித்தேன். ‘எச்’ என்று படித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது.

‘ரத்தினம், திரை சுவிட்சை மட்டும் அணைச்சிட்டு மறுபடி போடு.’

‘எதுக்கு?’

‘இன்னும் படிச்சு முடிக்கல.’

போட்டாள். ‘டி’. மறுபடி போட்டாள். ‘எம்’. மறுபடி. ‘ஐ’. சுனிதா நகத்தைக் கடித்துக்கொண்டு, ‘மாமா, அதுல சிக்னல் இல்லைன்னுதான் இருக்குது, நானே படிச்சு சொல்லிட்டேனே’ என்றாள். ‘அது கீழ் வரிம்மா. அதுல நீ இன்னும் சொல்லிக்குடுக்காத எழுத்து வருது, அதனால நான் அதை விட்டுட்டேன். மேல் வரி எனக்குத் தெரிஞ்ச எழுத்துதான்’ என்றேன். உன் அக்காள் நாலாம் தடவை சுவிட்சைப் போட்டாள். ‘ஐ’க்குப் பக்கத்தில் ஒரு எண். இரண்டு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு திரையின் பின்பக்கம் போனேன். ஒயர் சொருகியிருந்த ஓட்டைக்கு மேலே அதே எழுத்து, பொடியாகப் பொறித்திருந்தது. எச், டி, எம், ஐ. வரிசை மாறவில்லை. பக்கத்தில் ஒரு எண். ஒன்று. அதற்கடுத்து இன்னொரு ஓட்டை, காலியாக. அதற்கு மேலே இரண்டு.

நிமிர்ந்தேன். மணி பத்து ஐம்பத்தொன்று.

‘சுனிதா, கேஜ் ரெண்டாவது லெவல்ல நிக்குது. ஆள் மொத லெவல்ல காத்துகினு கீறான். அவன் எத்தினி மணி அடிச்சா இன்னா? எப்படி ஏறுவான்?’

அவள் என்னைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, ஒன்றிலிருந்து பிடுங்கி இரண்டில் சொருகினாள். உன் திரை கண்ணைத் திறந்தது மச்சான். உன் அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுனிதா என் கையில் இருந்த டார்ச்சை வாங்கி அணைத்து வைத்தாள். பகலில் அது எரிந்துகொண்டிருந்தது.

சரியாகப் பதினோரு மணிக்கு ஷில்பா அம்மாள் வீடியோவில் வந்தார். கன்னடத்தில்தான் பேச்சு. ‘எரடூ ஸ்கிரீன் பர்தா இதெயா?’, இரண்டு திரையும் வருகிறதா என்று கேட்டார். ‘பர்தா இதெ மேடம்’ என்று இரண்டையும் திருப்பிக் காட்டினாள். பின்னால் தோளில் துண்டோடு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, யார் அது, டெக்னீஷியனா என்று கேட்டார். சுனிதா ஒரு விநாடி யோசித்தாள். ‘ஹௌது மேடம், நம்ம மாவா’ என்றாள். ஆமாம், என் மாமனார் என்று அர்த்தம். வீட்டிலேயே இருந்து வேலை செய்யலாம் என்று ஷில்பா அம்மாள் சொல்லிவிட்டார். பழைய ஆபீஸ் பை பீரோவுக்குத் திரும்பிப் போனது. இப்போது அதில் பிள்ளைக்கு வேண்டிய பழைய துணிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, உன் திரைமேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுவதும் அந்த அப்டேட்டினுடையது. யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே புகுந்து, ஒன்றில் இருந்ததை இரண்டுக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் எங்கள் லைன் முழுக்கச் சொல்லிவிட்டேன், மைசூர் மைன்ஸ் பக்கம் போனபோது அங்கேயும் சொன்னேன். மேக்ஸ்வெல்லிடம் இரண்டு முறை சொன்னேன். உன் வீட்டிலும் எந்த அப்டேட்டையும் உள்ளே விடாதே. எங்கள் வீட்டில் இனிமேல் எது வந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று சுனிதாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்காளோடு கோபத்தை விட்டுவிட்டுப் போன் செய். வளைகாப்புக்கு எல்லோரும் இரண்டு நாள் முன்னதாகவே வாருங்கள். வரும்போது லுங்கி வேண்டாம். கொண்டுவருவதாக இருந்தால் இரண்டாகக் கொண்டுவா, இல்லாவிட்டால் மேக்ஸ்வெல் வாசலிலேயே நிற்பான். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன் வியாபாரம் எதுவானாலும் தழைத்து, நீ நூறு வயசு இருந்து, என் கையெழுத்தில் இன்னும் நிறையக் கடிதம் படிக்கும்படி வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு, கட்டைவிரல் வைக்காமல்,
உன் மாமா,
மாணிக்கராஜ்
(டோக்கன் 4417)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிச் சுனிதாவிடம் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஆயுத பூஜை இடத்தில் நின்றுவிட்டாள். அந்தப் பத்தியை மறுபடி ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். எழுந்து போய், உன் திரையின் கீழ் விளிம்புக்கு அடியில் குனிந்து பார்த்தாள். என் பொட்டு ஒரு துளி உதிராமல் அப்படியே இருந்தது. ‘மாமா, இந்தப் பட்டன எத்தனை வாட்டி அழுத்தினீங்க?’ என்று கேட்டாள். சந்தனத்துக்கு ஒன்று, குங்குமத்துக்கு ஒன்று, கோணலுக்கு ஒன்று. மூன்று மணி. கேஜ் புறப்பட்டுவிட்டது மச்சான். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுகிற பொத்தானாம் அது. அப்டேட் பாவம்.

அவள் சிரிக்க ஆரம்பித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பிள்ளையும் உதைக்கிறதாம். உன் அக்காள், கோணல் என்று தான் சொல்லவே இல்லை என்கிறாள்.

கைநாட்டாக இருந்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. எழுதின முதல் கடிதத்திலேயே மாட்டிக்கொண்டேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மேக்ஸ்வெல் கண்ணில் பட்டால் நான் லைனில் நடக்க முடியாது.

வேண்டாம், கிழிக்காதே. பதினோரு நாள் ஆயிற்று எழுத. எங்கேயாவது பத்திரமாக வை.